பழைய கோட் ஃபைல்ல லைசன்ஸ் எழுதலைன்னா எடுத்துக்கலாமா?

காரைக்குடியிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. அவங்க கோயில் புள்ளிக் கணக்கெல்லாம் (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களோட கணக்கு) அந்தக் காலத்துல திஸ்கிங்கற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டுல டைப் பண்ணது, இப்ப எல்லாரும் பயன்படுத்துற யூனிகோடுக்கு மாத்த ஒரு பழைய சி மொழி புரோகிராம் ஃபைல் கிடைச்சிருக்கு, மேல ஒரு பேரும் 2001ன்னு வருஷமும் மட்டும்தான் இருக்கு, இதை நம்ம சாஃப்ட்வேர்ல சேர்த்து மத்த கோயில்களுக்கும் கொடுக்கலாமாண்ணேன்னு.

தம்பி, அப்படியே கொடுத்துடாதீங்க. பூட்டிக் கிடக்குற வளவு வீட்டுல ஆள் இல்லைங்கறதுக்காக அது பொதுச் சொத்தாயிடாது, பங்காளி சிங்கப்பூர்ல இருந்தாலும் பங்கு பங்குதான். நம்ம காப்பிரைட் சட்டத்துல புரோகிராமும் இலக்கியப் படைப்பு கணக்குதான், எழுதுனவர் இறந்தப்புறமும் 60 வருஷம் உரிமை நிக்கும்.

அதுக்காக லைசன்ஸே இல்லைன்னும் முடிவு கட்டிடாதீங்க. அப்பல்லாம் நிறைய பேரு ஒவ்வொரு ஃபைல்லயும் எழுத மாட்டாங்க, மொத்த மூட்டைக்கும் சேர்த்து காப்பியிங்னு ஒரு ஃபைல் இருக்கும், இல்லைன்னா ரீட்மீ கடைசியில ரெண்டு வரி கிடக்கும், உங்க கைக்கு வந்தது அதுலேர்ந்து உருவின ஒத்தை ஃபைலா இருக்கலாம். ஃபைல் உள்ள எழுதுனவர் போட்டிருக்குற விசித்திரமான கமெண்ட் (குறிப்பு) ஒண்ணை, எழுத்துப்பிழையோட இருந்தா இன்னும் விசேஷம், அப்படியே மேற்கோள் குறி போட்டு தேடுங்க. பழைய கோடையெல்லாம் சேமிச்சு வைக்குற சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் ஆர்க்கைவ்ல ஃபைலோட ஹாஷை (உள்ளடக்கத்துலேர்ந்து கணக்குப் போட்டு வர்ற கைரேகை மாதிரி எண்) வச்சே தேடலாம். டெபியன்ங்கற லினக்ஸ் தொகுப்புல அந்த பேக்கேஜ் இருந்தா அதுல காப்பிரைட் ஃபைல்னு ஒண்ணு இருக்கும், எந்த ஃபைலுக்கு யாரு உரிமைன்னு உட்கார்ந்து பார்த்து எழுதியிருப்பாங்க, எனக்கு ரொம்ப மரியாதை உள்ள வேலை அது. ஆனா யாரோ ஒருத்தர் கோட் பகிர்ற கிட்ஹப் தளத்துல ஏத்தி எம்ஐடி லைசன்ஸ்னு ஒட்டியிருந்தா நம்பாதீங்க, எழுதுனவர் கொடுக்காததை ஏத்துனவர் கொடுக்க முடியாது.

ஜிபிஎல்ங்கற சுதந்திர மென்பொருள் லைசன்ஸ் பேரை மட்டும் போட்டு எந்த வெர்ஷன்னு எங்கயுமே சொல்லலைன்னா, அதை வெளியிடுற எஃப்எஸ்எஃப் (ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்) வெளியிட்ட எந்த வெர்ஷனையும் எடுத்துக்கலாம், அது அந்த லைசன்ஸ்லயே இருக்கு. வெர்ஷன் 2 மட்டும்னு தெளிவா போட்டிருந்தா வெர்ஷன் 3 கோடோட கலந்து வெளியில கொடுக்க முடியாது.

ஒண்ணுமே சிக்கலைன்னா அந்தப் பேருக்காரருக்கு மெயில் போடுங்க, "தாராளமா யூஸ் பண்ணிக்கங்க"ன்னு பதில் வந்தா அது பத்தாது, லைசன்ஸ் பேரைச் சொல்லி எழுதித் தரச் சொல்லுங்க, அந்த மெயிலை கோடோடயே சேர்த்து வைங்க.

உங்க விஷயத்துல இன்னொரு வழியும் இருக்கு. லினக்ஸ்ல ஜிலிப்சிங்கற அடிப்படை லைப்ரரி கூட வர்ற, எழுத்துக் குறியீட்டை மாத்துற ஐகான்வ் கமாண்டுக்கு திஸ்கி தெரியும், அதுல திஸ்கியை மாத்துற பகுதி எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லோட தளர்வான வடிவம்), கமாண்டு ஜிபிஎல், லைசன்ஸ்ல சந்தேகமே கிடையாது. முதல்ல ஒரு புள்ளி லிஸ்டை அதுல போட்டுப் பாருங்க, கொம்பு, இரட்டைக் கொம்பு வர்ற பேரையெல்லாம் கண்ணால சரிபாருங்க, திஸ்கில அது மெய்க்கு முன்னாடி நிக்கும், யூனிகோடுல பின்னாடி போயிடும்.