அந்த ரோஸ் பவுடரை ஊரிலேயே விட்டுவிட்டு வா

கோவையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி மலேசியாவில் நான் இருக்கிற சுங்கை சிப்புட்டுக்கு வரப்போகிறாளாம். கணவர் வீட்டார் சொல்லிவைத்த வேலையும் தயாராக இருக்கிறதாம், ஒரு கணக்காளர் அலுவலகத்தில் முன்மேசையில். "அக்கா, அங்கே வேலைக்குப் போகிற பெண்கள் மேக்கப் போடுவார்களா? போட்டது தெரியாத மாதிரி எப்படிப் போடுவது? இங்கேயிருந்து என்னென்ன வாங்கி வரட்டும்? குக்கர் கொண்டு வரவா? மலாய் தெரியாமல் சமாளிக்கலாமா? வாடகை எவ்வளவு?" எல்லாம் ஒரே மூச்சில்.

தங்கச்சி, உன்னை நீ என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. குக்கர் இங்கேயே கிடைக்கும். வாடகையை உன் வீட்டுக்காரரைக் கேள். இங்கே தங்குவதற்கான உன் பாஸில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்பதைக் குடிநுழைவு அலுவலகத்துக்கே போய்க் கேட்டுக்கொள். பக்கத்து வீட்டு அக்கா பரவாயில்லை என்றாள் என்று போய் உட்கார்ந்துவிடாதே. மலாய் ஆறு மாதத்தில் தானாக வரும். மேக்கப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதில்தான் நான் நன்றாகப் பட்டேன்.

2003-ல் பட்டுக்கோட்டையிலிருந்து வந்தேன். மலேசியா என்றதும் இரட்டைக் கோபுரத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தவள். வந்து இறங்கியது ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் உள்ள இந்தச் சின்னப் பட்டணத்தில். அமைச்சராக இருந்த மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர் மரம்), இப்போது பெரும்பாலும் செம்பனை. மூன்றாவது மாதம் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் நாளாயிற்றே என்று ஊரிலிருந்து கொண்டுவந்த ரோஸ் நிற காம்பாக்ட் பவுடரை எடுத்து இரண்டு சுற்று அப்பினேன். என் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பான பவுடர். அப்போதெல்லாம் நம் ஊர்க் கடையில் நிறம் கேட்டால் நம்மைவிட வெளுப்பானதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வோம்.

தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "சாக்கிட் கா?" என்றார். எனக்கு மலாயில் ஒரு வார்த்தை தெரியாது. நல்லபடியாக ஏதோ கேட்கிறார் என்று சிரித்த முகமாக "யா, யா" என்றேன். அவர் பதறிப்போய் டிரைவரைக் கூப்பிட்டு என்னை வீட்டில் விட்டுவரச் சொல்லிவிட்டார். முதல் நாள், மணி ஒன்பதரை. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார் மனிதர். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அத்தை, அதாவது மாமியார், என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா, கோப்பையில உறைஞ்ச பால் மாதிரி இருக்கே மூஞ்சி?" ரப்பர்ப் பாலைச் சொல்கிறார். முப்பது வருஷம் மரம் சீவியவர்.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் விளங்கியது. நம் மாநிறத்துக்கு அடியில் மஞ்சளோ பொன்னிறமோ ஓடும். அதன்மேல் வெளிர் ரோஸைப் பூசினால் சிவப்பாகத் தெரியாது, சாம்பலாகத்தான் தெரியும். பிணத்துக்குப் பூசியதுபோல. இதை எனக்குப் புரியவைத்தவர் அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார 'கக்'. கக் என்றால் அக்காதான். பாஷை தெரியாமலே பாடம் நடத்தினார். மத்தியான இடைவேளையில் ஒரு மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய் மூன்று ஃபவுண்டேஷனை எடுத்து என் தாடையோரத்தில் மூன்று கோடு போட்டார். மணிக்கட்டில் போட்டுப் பார்க்காதே, முகமும் கையும் ஒரே நிறமில்லை. கடைக்குள் எரிகிற வெள்ளை விளக்கில் எல்லாமே அழகாகத்தான் தெரியும் என்பதால் என்னை வெளியே அஞ்சடிக்கு (கடைவாசல் நடைபாதைக்கு) இழுத்துவந்து, பகல் வெளிச்சத்தில் கால் மணி நேரம் நிற்கவைத்தார். பூசிய கொஞ்ச நேரத்தில் சில ஃபவுண்டேஷன் கறுக்கும், அதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. எந்தக் கோடு தேடினாலும் கண்ணுக்குப் படவில்லையோ அதுதான் உன்னுடையது. நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் எடுத்திருக்கக்கூடியதைவிட அது மூன்று படி கறுப்பு. அன்றைக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே வருஷம் முழுக்கப் பகலில் முப்பது டிகிரிக்கு மேல், காற்றில் ஈரம், சாயங்காலமானால் மழை. நீ எப்படியும் மோட்டாரில்தான் போவாய் (இங்கே மோட்டார் என்றால் இருசக்கர வண்டி). ஹெல்மெட்டுக்குள் முகம் இட்லிப் பானை மாதிரி வேகும். அலுவலகத்துக்குள் போனால் ஏர்கான் எலும்பு வரை குளிரும், தோல் காய்ந்து இழுக்கும். இந்த இரண்டுக்கும் ஈடுகொடுப்பதுதான் இங்கே மேக்கப். அதனால் கனமில்லாத ஜெல் மாய்ஸ்சரைசர், அதற்குமேல் சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீனை மட்டும் கஞ்சத்தனமாகப் போடாதே. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கினால் வருமே, அவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். சில சன்ஸ்கிரீன் நம் முகத்தில் வெள்ளை பூத்து நிற்கும். நிறம் சேர்த்த வகையாகப் பார்த்து வாங்கு, அதில் உள்ள இரும்பு ஆக்சைடு மங்கு விழுகிறவர்களுக்கும் நல்லது. நிறைய நாள் எனக்கு அதுவே போதும், ஃபவுண்டேஷன் பக்கமே போவதில்லை.

கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் நேரே கன்சீலரை அப்பாதே, அங்கேயும் சாம்பல் பூக்கும். ஆரஞ்சு நிற கரெக்டரை மெல்லத் தொட்டுவிட்டு அதற்குமேல் கன்சீலர். கக் ஆரஞ்சு லிப்ஸ்டிக்கையே ஒரு பொட்டு தொட்டு வைத்து விரலால் தட்டிவிடுவார், அதுவும் சரியாகத்தான் வந்தது. ஃபவுண்டேஷன் முகம் முழுக்க வேண்டாம். மூக்கோரம், வாயோரம், தழும்பு இருக்கிற இடம், அவ்வளவுதான், ஈரப் பஞ்சால் ஒற்றி விடு. பவுடர் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும். கண்மை கீழே இழுத்தால் பத்து மணிக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும், மேல் இமையின் வேரோடு ஒரு கோடு போதும். உதட்டுக்கு செங்கல் நிறமோ பழுப்பு கலந்த ரோஸோ, அதையும் அலுவலகம் போய் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு. மத்தியானம் முகம் எண்ணெய் வழிந்தால் முதலில் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடு, தேய்க்காதே, பிறகுதான் பவுடர். வியர்வைமேல் பவுடர் போட்டுக்கொண்டே போனால் சாயங்காலம் முகத்தில் களிமண்தான் இருக்கும். எல்லாம் சேர்த்து ஏழு நிமிஷம். அதற்குமேல் கண்ணாடி முன்னால் நின்றால் நீ வேலைக்குப் போகவில்லை, திருமண விருந்துக்குப் போகிறாய்.

ஸ்டிக்கர் பொட்டு வைப்பாய் என்றால் ஒன்று கவனி. சிலவகைப் பசையில் உள்ள ஒரு ரசாயனம் தோலின் நிறத்தையே எடுத்துவிடும், பொட்டளவுக்கு வெள்ளை விழும். அரித்தாலோ சிவந்தாலோ அன்றைக்கே நிறுத்து.

இப்போது கிரீம் விஷயம். தங்கச்சி, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

நீ வந்து ஒரு மாதத்துக்குள் யாராவது உன்னிடம் ஒரு சின்ன டப்பாவை நீட்டுவார்கள். நம் தமிழ்ப் பெண்ணாகத்தான் இருக்கும். எனக்கு நீட்டியது நம் ஊர்ப்பக்கமிருந்து வந்த ஒரு அக்கா. எனக்கு ஐந்து வருஷம் முன்னால் வந்தவர், அதனால் எல்லாம் தெரிந்தவர். வீட்டோடு அழகு நிலையம். டப்பாவில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு பூப்படம் மட்டும். முப்பத்தைந்து வெள்ளி (இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்போம்). இரண்டே வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. எல்லாரும் கேட்டார்கள், நானும் பெருமையாக நடந்தேன். மூன்றாவது மாதம் வெயிலில் நின்றாலே நெருப்புப் பட்டதுபோல எரிச்சல், கன்னத்தில் சிவப்பு நரம்பு, பொடிப்பொடியாகக் கட்டி. நிறுத்தினால் இன்னும் மோசமானது, அதனால் மறுபடி பூசினேன். இதுதான் அந்தக் கிரீமின் சூழ்ச்சி. ஈப்போவில் தோல் டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார், உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்று. தோல் மெலிந்துபோயிருந்தது. தேற ஒன்றரை வருஷம் ஆனது. அந்த அக்காவிடம் கேட்டபோது "உனக்குத்தான் ஒத்துக்கல, எல்லாருக்கும் நல்லாத்தானே இருக்கு" என்றார். இப்போது கைப்பேசிக் குழுக்களில் இன்னும் ஜோராக விற்கிறார்கள், பூசுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தோடு.

ஸ்டீராய்டு பெரும்பாலும் தோலைத்தான் கெடுக்கும். சில கிரீமில் பாதரசம் இருக்கும். பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும். பூசுகிறவளோடு நிற்பதுமில்லை, அவள் துடைத்த துண்டில் முகம் துடைக்கிற பிள்ளைக்கும் போகும். லேபிளில் 'கேலோமெல்' என்று இருந்தாலோ, நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தாலோ, அதைத் தொடாதே. இந்த மாதிரி கிரீமில் கலக்கிற ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் இரண்டும் டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மருந்து, பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடையில் விற்கிற அழகுப்பொருள் இல்லை.

இந்த நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது. எந்த அழகுப்பொருளையும் விற்பதற்கு முன்னால் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்ததற்கு என்-ஓ-டி என்று தொடங்கும் ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை அவர்கள் இணையத்தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். எண் இருப்பதாலேயே எல்லாம் சுத்தம் என்று சொல்லமாட்டேன், எண் வாங்கிய பிறகு மாட்டிக்கொண்டு ரத்தானவையும் உண்டு, அந்தப் பெயர்களையும் அவர்களே வெளியிடுவார்கள். சட்டத்தை மீறி விற்கும் தனியாளுக்கு முதல் தடவையே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று வருஷம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். அந்த அக்காவுக்கு நான் அப்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு அன்று தெரியாது.

கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் சிலர் உனக்கு வேறு மாதிரி சொல்வார்கள். "எஸ்டேட் பக்கம்தானே, அங்கே யார் மேக்கப்பைப் பார்க்கப் போகிறார்கள்?" என்று. பத்து வருஷம் இருந்தும் மலாயில் மீன் விலை கேட்கத் தெரியாதவர்கள் அவர்கள். நான் கேட்பேன், பேரமும் பேசுவேன். அதோடு இங்குள்ள பெண்கள் நேர்த்தியில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கொரியாவிலிருந்து வரும் நத்தைச் சளி சீரம் வரை எல்லாம் இங்கே வந்துவிட்டது. சுங்கை என்றால் மலாயில் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆற்றில் குடியிருந்துகொண்டு நத்தைச் சளியைக் காசு கொடுத்து வாங்குகிறோம் பார்.

எஸ்டேட்டில் யார் பார்க்கிறார்கள் என்றதும் அத்தை ஞாபகம் வருகிறது. அந்த ஒன்றரை வருஷமும் மாதம் ஒருமுறை என்னோடு ஈப்போவுக்கு பஸ்ஸில் வந்தவர் அவர்தான். ஒருநாளும் "கறுப்பா இருந்தா என்ன கெட்டுப்போச்சு" என்று குத்திக்காட்டியதில்லை. பசியாற இரண்டு தோசை கட்டிக்கொண்டு, கழுத்தில் குட்டிக்கூரா பவுடரோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வருவேன். ஒருநாள் அவராகவே சொன்னார். தோட்டத்தில் இருந்த காலத்தில் நாலரை மணிக்கு எழுந்து, மண்ணெண்ணெய் விளக்கில், கண்ணாடிகூட இல்லாமல் பவுடர் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டுதான் பெரட்டுக்குப் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போவாராம்.

"அந்த இருட்டில் யார் அத்தை பார்க்கப் போகிறார்கள்?" என்றேன்.

"நெத்தியில விளக்குக் கட்டியிருப்போம்ல," என்றார். "எதிர்ல வர்றவ விளக்கு நம்ம மூஞ்சில அடிக்கும். நம்ம விளக்கு அவ மூஞ்சில."

அன்றைக்கு பஸ் நிலையத்தில் இறங்கும்போது துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.