உப்பில்லாத ரசமும் ‘ஒண்ணுமில்ல’யும்: கணவன் மனைவி பேச்சு, கேள்வி பதில்

குடும்ப நல நீதிமன்றத்தில் இருபது வருடம் கவுன்சலராக உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். 1984-ம் ஆண்டுச் சட்டப்படி, முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்வது அந்தக் கோர்ட்டின் கடமை. அதற்காக எங்களுக்கு ஒரு அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. நான் சொல்லும் சம்பவங்களில் ஆள் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன். ஜாதகம், சொத்து இரண்டையும் என்னிடம் கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும்.

கோவைத் தம்பி: அக்கா, என்ன ஆச்சுன்னு கேட்டா என் மனைவி ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்றாங்க. அதோட விட்டுடலாமா?

கேட்கும்போது கையில் போன் இருந்ததா? அதை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் ‘ஒண்ணுமில்ல’ என்றால் குடைய வேண்டாம். ‘சரி, சொல்லணும்னு தோணும்போது சொல்லு’ என்று எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவுங்கள்.

தஞ்சாவூர்த் தங்கை: நான் எதைச் சொல்ல ஆரம்பிச்சாலும் சண்டையில முடியுது. நல்லதுக்குத்தான் சொல்றேன்.

நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். எப்படி ஆரம்பிக்கிறீர்கள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, சமையல் கேஸ் தீரப்போகிறது, அவர் சிலிண்டர் புக் பண்ணவில்லை. ‘உங்களுக்கு இந்த வீட்டு நெனப்பு ஒருநாளாவது இருந்திருக்கா?’ என்றால் பேச்சு சிலிண்டரை விட்டு அவர் பிறவிக்குப் போய்விடுகிறது. அவரும் போன தீபாவளிக்குப் போவார். பத்தாவது நிமிடம் ‘உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான்’ வந்துவிடும். சிலிண்டர் அப்போதும் புக் ஆகியிருக்காது.

‘நாளைக்குத் தீர்ந்துடும் போல இருக்கு, எனக்குப் பதட்டமா இருக்கு, இப்பவே புக் பண்ணிடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். விஷயம் ஒன்று, உங்கள் மனசு ஒன்று, என்ன வேண்டும் என்பது ஒன்று. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசவிட்டு வீடியோ எடுத்து வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். வாக்குவாதத்தின் முதல் 3 நிமிடத்தைப் பார்த்தே அந்தத் திருமணம் எந்தப் பக்கம் போகும் என்று பெருமளவு கணிக்கலாம் என்றார். என் அறைக்கு 3 நிமிடம்கூடத் தேவைப்படாது. நாற்காலியை இழுக்கும் சத்தத்திலேயே தெரியும்.

‘எப்பவுமே’, ‘ஒருநாளாவது’ இரண்டையும் ஒரு மாதம் வாயில் எடுக்காதீர்கள்.

திருநெல்வேலி வாசகி: நாலு பேர் முன்னால என் இங்கிலீஷைக் கிண்டல் பண்றார். கேட்டா ‘சும்மா ஜாலிக்கு’ங்கறார்.

கோபத்தைவிட எனக்குப் பயம் இந்த ஜாலியில்தான். திருமணத்தை அரிக்கிற நாலு பழக்கங்களைக் காட்மன் சொன்னார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தற்காப்பு, சுவர் போல மௌனம். இதில் மோசம் இளக்காரம்தான் என்றார். தனியாக இருக்கும்போது, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, ‘அன்னிக்கு நீங்க சிரிச்சப்ப எனக்கு அந்த இடத்துல நிக்கவே பிடிக்கல’ என்று மட்டும் சொல்லுங்கள். பதிலுக்கு அவர் தலைமுடியைக் கிண்டல் பண்ணாதீர்கள்.

ஈரோடு: வீட்டு மனை அவர் அம்மா பேர்ல இருக்கு...

வக்கீலைப் பாருங்கள்.

மதுரை வாசகி: சண்டைன்னா மொட்டைமாடிக்குப் போயிடுவார். ரெண்டு நாள் பேச்சே இருக்காது.

பெரும்பாலும் ஆண்கள்தான் இப்படிச் சுவராகிறார்கள். எல்லாம் திமிர் என்று நினைக்காதீர்கள். காட்மன் குழு இதயத் துடிப்பையும் அளந்தது. வாக்குவாதத்தில் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது. அது அடங்க 20 நிமிடமாவது வேண்டும். ஆகவே மாடிக்குப் போகட்டும். ஆனால் ‘அரைமணி நேரத்துல வரேன், வந்து பேசலாம்’ என்று சொல்லிவிட்டுப் போகணும், சொன்னபடி இறங்கி வரணும். சொல்லாமல் போனால் கீழே இருப்பவருக்கு அது தண்டனை. வள்ளுவர் ஊடலுக்கு உப்பைத்தான் உவமை சொன்னார்: அளவாக இருந்தால் ருசி, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும்.

உப்பு என்றதும் ஒரு தம்பதி ஞாபகம் வருகிறது. கல்யாணமாகி எட்டு வருடம். அவர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஒருநாள் அந்தப் பெண் வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடவில்லை. சாப்பிட்டார். மறுநாளும் போடவில்லை. மூன்றாம் நாளும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போனார். ‘நான் செத்தாலும் இந்த ஆளுக்குத் தெரியாது’ என்று பெட்டியைக் கட்டிவிட்டாள்.

தேனி: மூணு நாள் சோதனை வச்சது தப்பு மேடம். வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே?

திருச்சி வாசகி: எட்டு வருஷம் கேட்டுப் பார்த்துட்டுத்தான் சார் உப்பை நிறுத்தியிருப்பா.

விருதுநகர்ப் பெரியவர்: அம்மா, எனக்கு வயசு 68. தட்டுல போட்டதைக் குறை சொல்லாம சாப்பிடணும்னு எங்களை வளர்த்தாங்க. அது குத்தமா?

ஐயா, குற்றமில்லை. ஆனால் குறை சொல்லாதவர்கள் ‘நல்லாருக்கு’ என்றும் சொல்வதில்லையே. அங்கேதான் இடிக்கிறது.

விருதுநகர்ப் பெரியவர்: தட்டைக் காலி பண்றதே நல்லாருக்குன்னு சொல்றதுதான்.

திருச்சி வாசகி: தட்டுக்குப் புரியும் ஐயா.

தேனி: அப்ப ஆம்பளை பேசாட்டி குத்தம், பொம்பளை உப்பைப் போடாம பேசினா சரியா?

தேனி தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவளும் வாயால் சொல்லவில்லை, உப்பால் சொன்னாள். இதற்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சோதனை வைக்காதீர்கள். ‘அவரா கண்டுபிடிக்கட்டும்’ என்று காத்திருந்தவர்கள் கடைசியில் என் அறை வாசலில்தான் காத்திருந்தார்கள்.

கடலூர்த் தங்கை: என் கணவர் பேசவே மாட்டேங்கறார்...

மதுரைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலம்: நேர்ல சொன்னா கத்தறா மேடம். அதனால வாட்ஸ்அப்ல நீளமா எழுதி அனுப்பிடறேன்.

அனுப்பாதீர்கள். எழுத்துக்குக் குரல் கிடையாது. நீங்கள் வருத்தத்தில் எழுதியதை அவர் திமிராகப் படிப்பார். அந்தப் பிரிண்ட் அவுட் கட்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன, ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு. பால் வாங்க, பிள்ளையைக் கூப்பிட மட்டும் வாட்ஸ்அப்.

துபாய்: நாங்க வாட்ஸ்அப்லதான் குடும்பமே நடத்தறோம். என்ன பண்ண?

நியாயமான கேள்வி. எழுத்தைக் குறைத்துக் குரலைக் கூட்டுங்கள். தினமும் ‘சாப்டியா, பணம் வந்துச்சா’ என்று முடிக்காமல், வெள்ளிக்கிழமை போல ஒருநாள் அரைமணி நேரம் உங்கள் இருவருக்கு மட்டும். அம்மா, பிள்ளைகள், பக்கத்து அறை நண்பர் யாரும் அந்த அழைப்பில் வேண்டாம். கடன் பேச்சுக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம்: மேடம், கோபம் வந்தா அடிக்கிறார். நான் எப்படிப் பேசினா அடிக்க மாட்டார்?

அம்மா, நீங்கள் பேசும் விதத்தில் இதற்குப் பதில் இல்லை. தஞ்சாவூர்த் தங்கைக்குச் சொன்னது எதுவும் உங்களுக்கில்லை. 181 பெண்கள் உதவி எண், கூப்பிடுங்கள். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையும் உண்டு. உதவிக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவையுங்கள். உயிருக்குப் பயமாக இருந்தால் 112.

வேலூர்: பேசிப் பேசிப் பார்த்தாச்சு. ரெண்டு பேரும் சம்மதிச்சாலும் ஆறு மாசம் காத்திருக்கணுமாமே?

இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்கும் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில், ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால்தான் மனுவே போட முடியும். அதன் பிறகு ஆறு மாதம். அது கட்டாயமில்லை, தகுந்த வழக்குகளில் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் மனம் மாறி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

நாமக்கல்: அவர் பேசறதே இல்ல. என்ன செய்யலாம்?

மதுரை. மேலே. தயவுசெய்து.

ஓசூர்: ரெண்டு பேருக்கும் ராசிப் பொருத்தம் சரியில்லையாம்...

ஆரம்பத்திலேயே சொன்னேன்.

திருச்சி வாசகி: அக்கா, அந்த ரசக்காரர் கடைசியில என்னதான் சொன்னார்? அவருக்குத் தெரிஞ்சுதா இல்லையா?

தேனி: நானும் அதுக்குத்தான் காத்திருக்கேன்.

தெரிந்திருக்கிறது. முதல் வாயிலேயே. ‘சொன்னா வருத்தப்படுவாளேன்னு சாப்பிட்டேன்’ என்றார். அந்தப் பெண் கொஞ்சநேரம் அவரையே பார்த்தாள். ‘இந்த எட்டு வருஷத்துல வேற என்னென்ன பிடிக்காம சாப்பிட்டீங்க?’ என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ‘சுண்டைக்காய் வத்தக்குழம்பு’ என்றார்.

சனிக்கிழமை தவறாமல் வைப்பாளாம். அவருக்கு உயிர் என்று மாமியார் சொல்லியிருந்தார்களாம். அவளுக்கும் அந்தக் கசப்பு பிடிக்காது.

விருதுநகர்ப் பெரியவர்: அம்மா, பக்கத்துல என் சம்சாரம் இதைப் படிச்சுக்கிட்டிருக்கா. இப்ப என்கிட்ட அதே கேள்வியைக் கேக்கறா.

உண்மையைச் சொல்லுங்கள் ஐயா. ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள், மொத்தப் பட்டியலையும் இன்றைக்கே படிக்க வேண்டாம்.