நாடகம் முடிந்த பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

ஆம்பூரில் கல்லூரியில் படிக்கிறேன். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, தோல் கழிவால் கெட்டுப்போன பாலாற்றைப் பற்றி ஒரு வீதி நாடகம் போட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல கூட்டம். கைதட்டினார்கள், செல்போனில் எடுத்தார்கள், போய்விட்டார்கள். "கேஸ் போட்டவங்களாலதான் ஏதோ கொஞ்சம் நடந்தது, ஆட்டம் பாட்டத்தால என்ன ஆச்சு?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். இப்போது ஒரு கம்பெனி, தண்ணீர் சிக்கனம் பற்றிச் சுவர் ஓவியம் வரைந்து தந்தால் பணம் தருவதாகச் சொல்கிறது. என் அப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்க்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலையால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

ச., ஆம்பூர்

அன்புள்ள ச.,

மாறும். நாடகம் முடிந்ததும் அடுத்து எங்கே போவது, யாரைக் கேட்பது என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் மாறும்.

உங்கள் வீட்டார் சொல்கிற கேஸையே எடுத்துக்கொள்வோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவுக்கோ பாழாகிவிட்டதை அதில் பதிவு செய்தார்கள். மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் நிலைபெற்றதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியிருந்தும், 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. வழக்கு நடத்தியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் கிணறு கெட்டுப்போன எத்தனை பேருக்கு அந்தத் தீர்ப்பில் தனக்கு என்ன இருக்கிறதென்று தெரியும்? உங்கள் நாடகத்துக்கான வேலை அங்கேதான் கிடக்கிறது.

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கக் காலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தமிழ்நாடெங்கும் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. பாட்டும் நாடகமும் முடிந்ததோடு அவர்கள் கிளம்பிவிடவில்லை. யார் சொல்லிக்கொடுப்பது, யார் படிக்க வருவது என்று பேச்சு அங்கேயே தொடங்கியது. வகுப்பு அந்தத் தெருவிலேயே நடந்தது. புதுக்கோட்டையில் அது எழுத்தோடும் நிற்காமல், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதில் போய் முடிந்தது. உங்கள் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்கு அடுத்த நாள் போவதற்கு ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

பிரேசிலில் அகஸ்தோ போவால் என்ற நாடகக்காரர் இன்னொரு வழி கண்டார். அநியாயம் நடக்கும் காட்சியை நடித்துக் காட்டிவிட்டு, பார்ப்பவர்களில் ஒருவரையே மேடைக்கு அழைத்து, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், செய்யுங்கள்" என்பார். 1993 முதல் 1996 வரை ரியோ நகர மன்றத்தில் உறுப்பினராக இருந்தபோது, இப்படி மக்கள் நடித்துக் காட்டிய யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் வந்தன.

இதே முறையைப் பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பீடித் தொழிலாளர் தெருவில் நான் பார்த்திருக்கிறேன். காட்சி, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுப்பது. அதிகாரியாக நடித்த பையன் மனுவை வாங்கி, பார்க்காமலேயே ஓரமாக வைத்தான். "இப்ப யார் வர்றீங்க?" என்றார்கள். நடுவயசு அம்மா ஒருவர், மடியில் இருந்த முறத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு எழுந்துவந்தார். முதலில் குரலே எழும்பவில்லை, கும்பிட்டுவிட்டு நின்றார். இரண்டாம் முறை, "மனுவ வாங்கிக்கினீங்க, ரசீது எங்க சார்?" என்றார். தெருவே சிரித்தது, அவரைத் தவிர. மூன்றாம் முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார். அதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கவனியுங்கள், யாரும் அவருக்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

இதற்குப் பிரேசில் வரைக்கும்கூடப் போக வேண்டாம். நம் தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து எவ்வளவு ஆர்ப்பாட்டத்தோடு வந்தாலும், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் "நீ யாரு?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஊர் ஏரி, ரேஷன் கடை, தலைவர் வீட்டு விவகாரம் எல்லாம் அந்த இடத்தில் வந்து விழும். ராஜா பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் குழுவில் நல்ல கட்டியங்காரன் ஒருவன் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

சுவர் ஓவியத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணம் வாங்குவதால் கலை கெட்டுப்போகும் என்பதற்காகச் சொல்லவில்லை, கலைஞனும் சாப்பிட வேண்டும். அந்தச் சுவர் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று பாருங்கள். இரண்டு குடம் தண்ணீருக்குத் தெருக்குழாயில் காத்து நிற்கிறவளிடம் போய்ச் சிக்கனமாக இரு என்கிறது. ஆற்றைக் கெடுத்தவரைப் பற்றி அதில் ஒரு எழுத்து இருக்காது. பாதிக்கப்பட்டவருக்குப் புத்தி சொல்வதையே சமூக அக்கறை என்று நினைத்துக்கொண்டு நம் ஊரில் எவ்வளவு நாடகங்கள், எவ்வளவு பாட்டுகள்! பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியாக, அப்பாவைப் பற்றி எழுதிய ஒரு வரி. அதை ஏதோ ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்துதான் உங்கள் அடுத்த நாடகம் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிலத்தை இழந்த விவசாயியும் அந்தக் கழிவில் கால் வைத்து நிற்கிற தொழிலாளியும் எதிரெதிராக நிறுத்தப்பட்டிருக்கும் வரை கம்பெனிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஷாப்பை மூடினால் உலை கொதிக்காது என்ற உங்கள் அப்பாவின் பயத்தையும் மேடையில் ஏற்றுங்கள், அவரையே பேசச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் வேண்டாம். உங்கள் தெருவிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடுங்கள். மறுநாள் திங்கட்கிழமை. மனுவோடு யார் யார் போகிறார்கள் என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா