ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்னா யாரு, ராத்திரில ரோட்ல என்ன பண்றாங்க?

இங்கிலாந்துல வெள்ளி, சனி ராத்திரி பத்து மணிக்கு மேல பப், கிளப் இருக்குற தெருக்கள்ல நீலச் சட்டை, தொப்பியோட சின்னக் குழுவா நடந்து போறவங்கதான் ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ். வேற வேற சர்ச்சுல இருந்து வர்ற வாலண்டியர்ஸ், சம்பளம் கிடையாது. 2003ல லண்டன் பிரிக்ஸ்டன்ல லெஸ் ஐசக்ங்குற போதகர் ஆரம்பிச்சது, அப்போ அங்க துப்பாக்கி, கத்தி வன்முறை ஜாஸ்தி, சர்ச்சுக்குள்ளயே ஜெபம் பண்ணா போதாது தெருவுக்கு இறங்கணும்னுதான் தொடங்குனாங்க.

பையில தண்ணி பாட்டில், லாலிபாப், ரப்பர் செருப்பு இருக்கும். செருப்பு எதுக்குன்னா, ஹீல்ஸ் வலிக்குதுன்னு கழட்டி கைல வச்சுக்கிட்டு வெறுங்கால்ல நடக்குற பொண்ணுங்க ரோட்ல கிடக்குற பாட்டில் சில்லுல காலைக் கிழிச்சுப்பாங்க, அதுக்குத்தான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே இந்தச் செருப்புதான்! போதையில சுருண்டு உக்காந்திருக்குறவங்க பக்கத்துலயே இருந்து டாக்ஸி வர்ற வரைக்கும் பேச்சு குடுப்பாங்க.

நம்மூர் திருவிழாவுல தண்ணிப் பந்தல் வைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க, நீ யாரு, எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க.

நிறைய பேரு மதம் மாத்ததான் வர்றாங்கன்னு நினைக்கிறாங்க, ஆனா பிரசங்கம் பண்றது இவங்க வேலையே இல்ல, நாமளா கேட்டாதான் ஜெபம்.