கேசட்டில் விடுபட்ட இரண்டு பாட்டு

அன்புள்ள சார்,

எண்பதுகளின் ஹார்ட் ராக் பற்றி எழுதியபோது நடுவில் ஒரே வரியில் ‘ரயட்’ குழுவின் ‘ஃபயர் டவுன் அண்டர்’ ஆல்பத்தைச் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நான் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை. போனில் தேடிப் போட்டேன். அன்று இரவே மூன்று முறை கேட்டுவிட்டேன். ஏசி/டிசி, ஜூடாஸ் பிரீஸ்ட், வான் ஹேலன் எல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

பாடகர் கய் ஸ்பெரான்சா பிற்பாடு ஃப்ளோரிடாவில் பூச்சி மருந்து அடிக்கும் வேலைக்குப் போய்விட்டார் என்று படித்ததும் மனசு கனத்துவிட்டது. கூடவே ஒரு சந்தேகம். இது உண்மையிலேயே நல்ல ஆல்பமா, இல்லை, யாரும் கண்டுகொள்ளாதது என்பதாலேயே எனக்குப் பிடித்துப்போனதா? இவர்களுடைய ஆல்பத்தில் அடுத்து எதைக் கேட்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நியாயமான சந்தேகம்தான். ‘மறக்கப்பட்ட முத்து’ என்று யாராவது சொன்னால் போதும், காசைக் கொட்டி வாங்கிவிடும் வியாதி எனக்கும் பல வருஷம் இருந்தது. அப்படி வாங்கியதில் பாதிக்கு மேல் ஒரு தடவையோடு அலமாரிக்குப் போனவை. மறக்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது, அவ்வளவுதான். அதனால் யாரும் கேட்கவில்லை என்பதை ஒரு தகுதியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

இந்த ஆல்பம் என்னிடம் வந்தபோது அதன் கதை எதுவும் எனக்குத் தெரியாது. கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் 60 நிமிட கேசட் ஒன்றில் பதிந்து கொடுத்தான். ஏ பக்கம் முழுக்க இது. பி பக்கத்தில் வேறு ஏதோ. லேபிளில் பேனாவால் ‘ரைட்’ என்று எழுதியிருந்தான். அந்தக் குழுவின் பெயரே அதுதான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் 30 நிமிடம்தானே, ஆல்பம் அதைத் தாண்டி ஓடும். எட்டாவது பாட்டான ‘நோ லைஸ்’ முடிவதற்கும் டேப் ‘டக்’கென்று நிற்பதற்கும் சரியாக இருக்கும். ஆல்பமே அங்கேதான் முடிகிறது என்று ஏழெட்டு வருஷம் நம்பியிருந்தேன். பிறகு சிடியில் கேட்டபோது அது முடிந்த கையோடு ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’ பாய்ந்து வந்தது. தூக்கிவாரிப் போட்டது. அதற்கப்புறம் ‘ஃப்ளாஷ்பேக்ஸ்’ என்று இன்னொன்று. பாட்டு கிடையாது, வெறும் கிதார், ஊடே கச்சேரி மேடை அறிவிப்புகளும் கூட்டத்தின் இரைச்சலும். தெரிந்த வீட்டில் இத்தனை நாள் பூட்டிக் கிடந்த அறை ஒன்றைத் திறந்தது மாதிரி இருந்தது.

சரி, அப்படி என்னதான் இருக்கிறது இதில்? முதல் பாட்டு ‘சோர்ட்ஸ் அண்ட் டெக்கீலா’வை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரை, பில்டப் எதுவும் இல்லாமல் நேரே ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு. மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டி முடிந்துவிடுகிறது. இரண்டாவதான தலைப்புப் பாட்டு மூன்று நிமிடம்கூட இல்லை. எழுபதுகளின் ஹார்ட் ராக்கில் ஒரு நல்ல ரிஃப் கிடைத்தால் அதை ஏழெட்டு நிமிடம் இழுப்பார்கள். இவர்கள் அதே சரக்கை எடுத்து, கொழுப்பை வெட்டியெறிந்து, வேகத்தைக் கூட்டி வைத்தார்கள். மார்க் ரியாலியும் ரிக் வென்சுராவும் இரண்டு கிதாரை இழைய விடும் இடங்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். ‘அவுட்லா’வில் அது துல்லியமாகக் கேட்கும். ‘ஆல்ட்டர் ஆஃப் தி கிங்’ மெதுவான கிதாரில் ஆரம்பித்து, நாம் சற்று அசந்த நேரத்தில் வெடிக்கும். புதிதாக வந்து சேர்ந்த டிரம்மர் சாண்டி ஸ்லேவினும் பேஸ் கிதார் கிப் லெமிங்கும்தான் முந்தைய ஆல்பத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்பது என் கணிப்பு. மேலே ஸ்பெரான்சாவின் குரல். உச்சத்துக்குப் போகும்போதும் கத்தலாக மாறாத குரல்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. ‘டோன்ட் ஹோல்ட் பேக்’ எனக்கு இன்றைக்கும் இடத்தை நிரப்ப வந்த பாட்டாகத்தான் படுகிறது. வரிகளில் பெரிதாக ஒன்றும் தேடாதீர்கள். ஆல்பத்தின் அட்டைப் படத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மனித உடம்பில் கடல்நாய்த் தலையை ஒட்டவைத்த ஒரு ஜந்துதான் இவர்களுடைய சின்னம். அதைக் காட்டி யாரையும் இந்த ஆல்பத்தைக் கேட்க வைக்க என்னால் முடிந்ததில்லை.

‘யாரும் கண்டுகொள்ளாதது’ என்கிறீர்கள். அது முழு உண்மை இல்லை. இவர்கள் நியூயார்க் குழு. 1979-இல் ‘நரிட்டா’ என்ற இரண்டாவது ஆல்பம் வந்தது. 1980 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டோனிங்டனில் நடந்த முதல் ‘மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்’ விழாவில், ரெயின்போவும் ஜூடாஸ் பிரீஸ்ட்டும் ஏறிய அதே மேடையில் வாசித்தார்கள். அதற்கடுத்துப் பதிந்ததுதான் இந்த ஆல்பம். இவர்களோடு ஒப்பந்தம் போட்டிருந்த கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனம் கேட்டுவிட்டு, இது விலைபோகாது என்று வெளியிட மறுத்தது. சரி, வேறு இடம் பார்க்கிறோம் என்றால் ஒப்பந்தத்திலிருந்தும் விடவில்லை. அப்போது குரல் கொடுத்தவர்கள் முக்கியமாக இங்கிலாந்து ரசிகர்கள். நியூயார்க் குழுவுக்காகக் கடல் கடந்து சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் 1981-இல் எலெக்ட்ரா என்ற வேறொரு நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 99-ஆம் இடம் வரை போனது. விலைபோகாது என்று தூக்கிப்போட்ட சரக்கு முதல் நூறுக்குள் வந்துவிட்டது, கடைசிப் படியில் என்றாலும்.

அப்புறம் ஏன் காணாமல் போனது? சதியெல்லாம் இல்லை. ஆல்பம் வந்த அதே 1981-இல் ஸ்பெரான்சா விலகினார். அடுத்த ஆல்பத்தில் வேறு பாடகர், வேறு நிறம். அதே வருஷம் ஆகஸ்டில் பாட்டு வீடியோக்களையே காட்டும் எம்டிவி சேனல் தொடங்கியது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஹார்ட் ராக் என்றால் முதலில் முகம், முடி, உடை, அதன் பிறகே பாட்டு என்று ஆனது. கடல்நாய் அங்கே என்ன செய்யும்? இன்னொரு பக்கம் வேகத்தை விரும்பியவர்களுக்கு இரண்டே வருஷத்தில் மெட்டாலிகா வந்துவிட்டது. இந்த ஆல்பம் இரண்டு காலத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்ததும் அந்த நடு இடம்தான். பழைய ராக், இன்னும் வேகமும் கனமும் கூடிய புதிய மெட்டலாக மாறும் தருணத்தை அப்படியே கேட்க முடிகிறது.

இன்னொரு வேடிக்கை. இதைப் பதிந்தது நியூயார்க்கின் கிரீன் ஸ்ட்ரீட் ஸ்டுடியோவில். பிற்பாடு ரன்-டிஎம்சி, பப்ளிக் எனிமி என்ற ராப் குழுக்கள் பதிந்த அதே இடம். அந்தச் சுவர்கள் இரண்டு தலைமுறைச் சத்தத்தை வாங்கியிருக்கின்றன.

ஸ்பெரான்சா விஷயத்தில் மட்டும் உங்களோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். அவர் 2003-இல் கணையப் புற்றுநோயால் இறந்தது துயரம். பூச்சி மருந்து அடித்தது எப்படித் துயரம் ஆகும்? நன்றாகப் பாடுபவர் சாகும்வரை பாடித்தான் ஆக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது ரசிகனின் பேராசை. அவராகவே இறங்கிப் போய் வேறொரு வேலை பார்த்து வாழ்ந்திருக்கிறார். நம் கையில் இருப்பது அவர் பாடிய மூன்று ஆல்பம். என்னைக் கேட்டால் அது குறைவில்லை. கடைசிவரை விடாமல் இழுத்துக்கொண்டு போனவர் ரியாலி. 2012-இல் அவர் இறக்கும்வரை குழு அவருடையதாகத்தான் இருந்தது.

அடுத்து ‘நரிட்டா’வைக் கேளுங்கள். இதைவிடச் சற்று தளர்வாக இருக்கும், பாதகமில்லை. 1988-இல் வந்த ‘தண்டர்ஸ்டீல்’தான் சிறந்தது என்று சிலர் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். அதில் ரியாலியைத் தவிர எல்லோரும் வேறு ஆட்கள், இசையும் வேறு. இரண்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.