ஆண்டறிக்கையில் அறங்காவலர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாலைநேரக் கல்வி மையங்கள் நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆண்டறிக்கைக்காக ஏழு அறங்காவலர்களிடமும் வாழ்த்துரை கேட்டேன். இரண்டு பேர் தரவில்லை. மூன்று பேர் ‘நீங்களே எழுதிப் போட்டுவிடுங்கள்’ என்கிறார்கள். படங்களை எந்த வரிசையில் போடுவது என்பதில் மனத்தாங்கல் வேறு. ஜூன் ஆண்டுவிழாவுக்குள் அச்சாக வேண்டும். இவர்களை எப்படி ஈடுபட வைப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிறிய அறக்கட்டளைகள் பலவும் உங்களைப் போன்ற ஒருவரின் முதுகில்தான் நிற்கின்றன. அந்த அலுப்பு கடிதத்தில் தெரிகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: அந்த மூன்று வாழ்த்துரைகளை நீங்கள் எழுதக் கூடாது. ஒருவர் எழுதாததை அவர் பெயரில் அச்சிட்டால் அது பொய். ஆண்டறிக்கையை நம்பித்தான் ஒருவர் நன்கொடை தருகிறார்.

படங்களை அகரவரிசையில் போடுங்கள். ஒரே பக்கம் போதும்: பெயர், தொழில், எந்த ஆண்டிலிருந்து அறங்காவலர், அவர்களுக்குள் யார் யாருக்கு உறவு, அறக்கட்டளையிலிருந்து சம்பளமோ வாடகையோ பெறுகிறாரா.

வாழ்த்துரை கேட்டதே பிழை. அறங்காவலரிடம் கேட்க வேண்டியது சரிபார்ப்பு. அறிக்கையின் வரைவு முடிந்ததும் அதிலுள்ள எண்களை எல்லாம் ஒரு தாளில் எடுத்து எழுதுங்கள். மூன்று நெடுவரிசைகள்: எண், அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது, எந்த அறங்காவலர் அந்த ஆவணத்தைப் பார்த்தார். சிறிய அறிக்கையில் முப்பது நாற்பது எண்கள் வரும். ஏழு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு நான்கிலிருந்து ஆறு. அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்து பார்த்து, எதிரே சுருக்கொப்பம் இட வேண்டும். தொலைபேசியில் ‘சரிதான்’ என்று சொன்னால் செல்லாது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அறிக்கையின் உரைநடையும் தணிக்கையான கணக்கும் ஒன்றோடொன்று முரண்படுவதுதான் வழக்கமான விபத்து. யாரும் திருடாமலேயே அது நடக்கும். பேச்சுக்கு, ஆண்டில் 10 லட்சம் நன்கொடை வந்தது என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அதில் 2 லட்சம், நிரந்தர நிதிக்கென்று (செலவழிக்காமல் மூலதனமாக வைத்திருக்கும் நிதி) எழுத்தில் குறிப்பிட்டுத் தரப்பட்டது என்றால் ஆடிட்டர் அதைப் பெரும்பாலும் நேரே சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்புக்குக் கொண்டுபோய்விடுவார். வரவு செலவுக் கணக்கில் 8 லட்சம்தான் இருக்கும். ஒன்றரை லட்சத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம் என்று எழுதுவீர்கள். வரவு செலவுக் கணக்கில் செலவாகத் தெரிவது தேய்மானம் (பொருள் பழசாவதால் அந்த ஆண்டில் குறைந்த மதிப்பு) மட்டுமே. பொருளாக வந்த நோட்டுப் புத்தகங்களுக்கு நீங்கள் ஒரு மதிப்புப் போட்டிருப்பீர்கள். கணக்கேட்டில் அது ஏறியே இருக்காது. மூன்றுக்கும் அடிக்குறிப்பாக ஒரு வரி போதும். அந்த வரி இல்லாவிட்டால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் நன்கொடையாளர் மறு ஆண்டு பேசாமல் ஒதுங்கிவிடுவார்.

பிள்ளைகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். மூன்று மையம், தலா அறுபது, மொத்தம் 180 என்று எழுதிவிடுகிறோம். சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணா, மார்ச் மாத வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணா? ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பிள்ளை இரண்டிலும் எண்ணப்பட்டிருக்கிறதா? இதைக் கேட்க ஓர் அறங்காவலர் ஒரு மாலை அந்த மையத்துக்குப் போனால் போதும். ஏழு வாழ்த்துரைகளும் அந்த ஒரு மாலைக்கு ஈடாகாது.

இப்போது உங்கள் ஜூன். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் அங்கீகாரம் (80ஜி என்று வழங்குவது) பெற்ற அமைப்புகள் நன்கொடையாளர் விவரத்தை மே 31க்குள் வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்கின்றன. அறிக்கையின் நன்றிப் பட்டியலை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் (பெயர் வெளியிட வேண்டாம் என்றவர்களை எடுத்துவிட்டு). ஆனால் வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கெடு செப்டம்பர் 30. ஜூனில் அச்சிட்டால் பெரும்பாலும் தணிக்கையாகாத எண்களைத்தான் அச்சிடுவீர்கள். விழாவுக்கு நான்கு பக்கத் துண்டறிக்கை போடுங்கள், பணக்கணக்கு இல்லாமல். ஆண்டறிக்கை அக்டோபரில் வரட்டும். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கூட்டம் மட்டும் ஏப்ரலிலேயே நடக்க வேண்டும்.

இன்னொன்று, இதைக் கேட்கத் தயங்குவீர்கள். அச்சகம் அறங்காவலரின் உறவினருடையதா? மையத்தின் கட்டடம் அவர்களில் ஒருவருடையதா? நியாயமான தொகைக்கு அவர்களிடம் வேலை கொடுப்பதையோ இடம் எடுப்பதையோ வருமான வரிச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் தணிக்கைப் படிவத்தில் காட்டியாக வேண்டும். மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். தீர்மானம் எடுக்கும்போது அந்த அறங்காவலர் வெளியே போகட்டும். போனதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அறிக்கையிலும் தொகையைக் குறிப்பிட்டு ஒரு வாக்கியம் சேருங்கள். அந்த வாக்கியத்தை எழுதும் பொறுப்பை உங்கள்மேல் சுமத்த விடாதீர்கள். நிர்வாக அறங்காவலர் எழுதி, அவரே கையெழுத்திட்டுத் தரவேண்டும்.