முதலில் தண்ணீர் – கடிதம்

அன்புள்ள சார்,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். எங்கள் லேபில் ஒரு மேசைக்கு எட்டுப் பேர். துளியளவு திரவத்தை அளந்து எடுக்கும் மைக்ரோ பைப்பெட்டை மேடம் பிடித்துக் காட்டுவார், நாங்கள் ரெக்கார்டில் எழுதிக்கொள்வோம். எம்.எஸ்சி. போனால் மற்ற எல்லாருக்கும் செய்யத் தெரிந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு தனியார் மையத்தில் ஐந்தே நாளில் டி.என்.ஏ. பிரிப்பது, அதைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். எல்லாம் சொல்லித்தருகிறார்கள். 15,000 ரூபாய். அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் ஏற்றும் வேலை. கேட்கத் தயக்கமாக இருக்கிறது. சேரலாமா?

ம.

அன்புள்ள ம.,

இப்போதைக்கு வேண்டாம். அப்பாவிடம் கேட்காதீர்கள். எட்டுப் பேருக்கு ஒரு பைப்பெட் என்பது உங்கள் குறையும் இல்லை.

ஐந்து நாளில் பி.சி.ஆர். இயந்திரத்தை ஓட்டப் பழகிவிடலாம். ஆனால் 2 மைக்ரோலிட்டர் (ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோலிட்டர்) விட வேண்டிய குழாயில் உங்கள் கை 3 விட்டால், அந்த இயந்திரம் அதைத் திருத்தித் தராது. முதலில் கை பழக வேண்டும். அதற்குத் தண்ணீர் போதும்.

வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். ஒரு பைப்பெட், வேதியியல் துறையின் டிஜிட்டல் தராசு, வாலை வடிநீர், இவ்வளவுதான். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடை 0.1 கிராம். தராசில் சின்னக் கிண்ணத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் 100 மைக்ரோலிட்டர் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பைப்பெட்டின் பொத்தானை அமுக்கும்போது ஓர் இடத்தில் கட்டைவிரலுக்குத் தடை தெரியும். அதையும் தாண்டி அழுத்தினால் இன்னொரு தடை. தண்ணீர் எடுக்கும்போது முதல் தடை வரைதான். அமுக்கிய பிறகே டிப்பை, அதாவது பைப்பெட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் முனையை, தண்ணீருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கி, விரலை மெதுவாகத் தளர்த்துங்கள். வெடுக்கென்று விட்டால் காற்றும் சேர்ந்து ஏறும். வெளியே விடும்போது டிப்பைக் கிண்ணத்தின் சுவரில் சாய்த்து, முதல் தடை, ஒரு நொடி பொறுத்து இரண்டாவது தடை. புதிதாகப் பிடிப்பவர்கள் எடுக்கும்போதே இரண்டாவது தடைக்குப் போய்விடுவார்கள். தராசு உடனே கூடுதலாகக் காட்டிவிடும். குறைவாகக் காட்டினால், டிப் சரியாக மாட்டியிருக்கிறதா, உள்ளே துளி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

பத்து முறை எடுங்கள். பத்தும் 0.094 பக்கமே வந்தால் கருவியைச் சரிபார்க்கச் சொல்லலாம். ஒன்று 0.09, அடுத்தது 0.11 என்று தாவினால் கைதான் இன்னும் பழகவில்லை. பத்தும் 0.098க்கும் 0.102க்கும் நடுவில் நின்றால், எந்த ஆய்வகத்துக்கும் தைரியமாகப் போகலாம். பைப்பெட் வாங்கி வருஷக்கணக்காகியும் இப்படி ஒருமுறைகூட எடை போட்டுப் பார்க்காத ஆய்வகங்கள் இருக்கின்றன. எனக்கு அது பெரிய வருத்தம்.

அப்புறம் நீர்த்தல். 1 மில்லி பேனா மையோடு 9 மில்லி தண்ணீர், அதிலிருந்து 1 மில்லி எடுத்து அடுத்த 9 மில்லியில். ஆறாவது குழாயில் மை பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு குழாய்க்கும் டிப் மாற்ற வேண்டும். மறந்தால் கணக்கு தப்பும்.

பாக்டீரியா வளர்க்கும் அகார் உங்களுக்குப் புதிதல்ல. ரம்ஜான் மாதத்தில் மண்ணடி வீடுகளில் காய்ச்சும் கடல்பாசிதான். 1881 வாக்கில் ஜெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினில்தான் நுண்ணுயிர்களை வளர்த்தார்கள். வெயில் வந்தால் அது உருகிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் பயன்படுத்திய அகாரை முயன்று பார்க்கச் சொன்னார். ஒருமுறை உறைந்துவிட்டால் அகார் மறுபடி உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். நம் ஊர் மே மாதத்துக்கும் அது அசையாது. ஆனால் வீட்டில் எதையும் வளர்க்காதீர்கள். என்ன வளர்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்துக் கொன்ற பிறகே கொட்ட வேண்டும். கல்லூரியிலேயே செய்யுங்கள். அகாரைத் தட்டில் ஊற்றும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூடியைச் சாய்வாகக் கொஞ்சம் மட்டும் தூக்குங்கள்.

பி.சி.ஆர். எம்.எஸ்சி.யில் தானாக வரும். முதல் வருஷத்திலேயே, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அதில் கற்றுக்கொள்ளும் உங்களுக்கே உதவித்தொகை தருகிறார்கள்.

தராசில் வந்த பத்து எண்களையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.